போனின் கண்ணில் வைத்த பொட்டு

இப்போதெல்லாம் யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. முன்பு பாடாலூர் டீக்கடையில் நாங்கள் லாரியை ஓரங்கட்டி நிற்கும்போது ஏதாவது ஒரு கார் வந்து நிற்கும். கண்ணாடி இறங்கும். "அண்ணே, அரும்பாவூருக்கு எப்படிப் போவணும்?" என்று ஒருவன் கேட்பான். கையைக் காட்டிச் சொல்லும்போதே அவன் முகத்தைப் பார்த்துவிடுவோம். தூக்கக் கலக்கமா, குடித்திருக்கிறானா, வீட்டில் சண்டையா, எல்லாம் முகத்திலேயே எழுதியிருக்கும். "எறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று சொன்னால் இறங்கிக் குடிப்பான். இப்போது கண்ணாடியே இறங்குவதில்லை. உள்ளே ஒரு பொம்பளைக் குரல் வலது என்கிறது, இடது என்கிறது. அந்தக் குரலை நம்பி ஒருத்தன் ஏரிக்கரையில் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டான். நான்தான் லாரியில் கயிறு கட்டி இழுத்துவிட்டேன். மேலே ஏறியதும் பழையபடி போனைத்தான் பார்த்தான். பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாற்காலி வேண்டாம் ஐயா. உட்கார்ந்தால் பேச்சு வராது. கொஞ்ச நாளாகவே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்கிறேன். இப்படி நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத்தான் அவ்வளவாக வராது.

என் பெயர் வைரக்கண்ணு. உடையார்பாளையத்துக்காரன். வயசானவன்தான், ஆனால் புத்தி கலங்கவில்லை, அதையும் எழுதுங்கள். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலையில் கொட்டும் டிப்பர் லாரி ஓட்டினேன். அரியலூர் ரோட்டில் எந்தப் பள்ளம் எந்த மழையில் விழுந்தது என்று கேளுங்கள், சொல்வேன். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நான் அடித்ததில்லை.

முதலாளி நல்லுசாமி இருந்தவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. அவர் போனபிறகு மகன் கலைச்செல்வன் வந்தான். திருச்சியில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, லாரிக்கு ஒன்றாக டச் போன் வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே மாட்டினான். போன் என்றால் பேசுகிற போன் இல்லை. டிரைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் போன்.

"கண்ணு சொருவுனா சத்தம் போடும் பெரியவரே. வேகமாப் போனா சொல்லும். எனக்கும் சேதி வந்துரும். இனிமே நம்ம வண்டியில ஆக்சிடெண்டே கெடையாது."

"ஒன்னைய தூக்கி மடியில வச்சுக்கிட்டு ஸ்டியரிங் புடிச்சவன் நானு. என்னைய இது பாத்துக்குமா?"

"எல்லாம் நல்லதுக்குத்தாங்க."

நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிற எதையும் நான் நம்பினதில்லை.

என் கண்ணைப் பாருங்கள். இமை இப்படித்தான், பாதி தொங்கும். பிறந்தபோது திறக்கவே இல்லையாம். கண் திறந்தால் போதும் என்று அம்மா வேண்டிக்கொண்டு வைத்த பெயர்தான் இந்தப் பெயர். பாதி திறந்தாலும் எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் போனுக்கு அது புரியவில்லை. வண்டியை எடுத்ததிலிருந்து நிறுத்துகிறவரை "ஓட்டுநரே, விழித்திருங்கள்" என்று கத்திக்கொண்டே வந்தது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அது கத்துகிற கத்தலில்தான் ஒரு நாள் ஸ்டியரிங்கை ஒடித்து ஓரத்துக்குப் போனேன்.

கலைச்செல்வனுக்குச் சேதி மேல் சேதி போனது. ஷெட்டில் கிருஷ்ணமூர்த்தி என்று ஒரு டிரைவர், வாய்க்கொழுப்பு பிடித்தவன். எல்லார் முன்னாலும் சொன்னான்:

"நாமதான் வைரம், வைரம்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம். போன் ஒரசிப் பாத்துட்டுச் சொல்லிடுச்சு, கவரிங்காம்."

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர்களிலேயே சின்னவனான ராஜேஷும் சிரித்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சிரித்ததற்காக நான் எதையும் செய்யவில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள்.

என் வண்டியை ராஜேஷிடம் கொடுத்தார்கள். எனக்கு ஷெட்டில் நடை பிரித்துக் கொடுக்கிற வேலை. நடை என்றால் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஒரு தடவை போய்வருவது. எந்த வண்டி எந்த நடைக்குப் போகவேண்டும் என்று நான் சொல்வேன், அவர்கள் போவார்கள். கௌரவமான வேலைதான் என்றான் கலைச்செல்வன்.

ராஜேஷ் நல்ல பையன். உள்ளதைச் சொல்கிறேன், அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. மேகலா என்று பெண்டாட்டி, கைக்குழந்தை ஒன்று. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். போன் அவனுக்கு நல்ல மார்க் போடும். நல்லா ஓட்டுகிறான் என்று கலைச்செல்வன் அவனுக்கு ஒரு குக்கர் பரிசு கொடுத்தான். ஆனால் அந்தப் பையன் போனிடம் தன் தூக்கத்தை ஒப்படைத்துவிட்டான். ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்கிறான்:

"நேத்து விக்கிரமங்கலம் ரோட்டுல கண்ணு சொக்கிடுச்சு மாமா. கரெக்டா கத்தி எழுப்பி வுட்டுருச்சு. எம் பொண்டாட்டிகூட இவ்ளோ கரெக்டா எழுப்ப மாட்டா."

"தூக்கம் வந்தா ஓரங்கட்டிப் படுடா. டீயக் குடி. மூஞ்சக் கழுவு."

"எதுக்கு மாமா? அது பாத்துக்கும்."

அது பாத்துக்கும். இந்த வார்த்தை எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் ஓட்டின காலத்தில் தூக்கம் என்றால் பயம். பயம் இருந்ததால்தான் பச்சை மிளகாயைக் கடித்தோம், காலில் செருப்பில்லாமல் ஓட்டினோம், பக்கத்தில் இருக்கிறவனைப் பாடச் சொன்னோம். இவன் பயத்தையே கழற்றி வைத்துவிட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. கலைச்செல்வனிடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பய போனை நம்பிக்கிட்டு ரோட்டுல தூங்குறான். ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு எங்கயாச்சும் கொண்டுபோயி வுடுவான்." அவன் தன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "வண்டிய வுட்டு எறக்குன கடுப்புல பேசுறீங்க பெரியவரே, போயி வேலையப் பாருங்க" என்றான்.

அதற்கப்புறம் வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவான். அதற்கு ஒரு வழி வேண்டும். ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஷெட்டில் பூஜை போடுகிறவன் நான்தான். வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஜாக்கி ஸ்பேனர் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. இப்போது போனும் ஆயுதம்தானே. எல்லா வண்டிப் போனுக்கும் முதுகில் பொட்டு வைத்தேன். ராஜேஷ் வண்டியில் மட்டும் முன்பக்கம் வைத்தேன். போனின் நெற்றியில் கடுகு மாதிரி ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணின் மேலேயே வைத்தேன்.

ராஜேஷ் பார்த்தான். பார்க்காமல் இருப்பானா?

"மாமா, கேமரா மேலயே வச்சிட்டீங்களே."

"சாமி பொட்டுடா. தானா உதிரும். கையால தொடச்சிடாத, நல்லதில்ல."

"சரி மாமா."

வண்டிக்கு வைத்த பொட்டை எந்த டிரைவரும் துடைக்கமாட்டான். வெயிலில் காய்ந்து, காற்றில் உதிர்ந்து, தானாகப் போகவேண்டும். துடைத்தால் அந்த வருஷம் வண்டிக்கு ஆகாது என்பார்கள். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெறும் சந்தனம் என்றால் மறுநாளே உதிர்ந்திருக்கும். அதனால் ஒரு கொட்டாங்கச்சியில் தனியாகக் கருவேலம்பிசினை ஊறவைத்து, அதில் சந்தனத்தைக் குழைத்திருந்தேன். மற்ற வண்டிகளுக்கு வைத்தது வேறு சந்தனம்.

நான் பார்க்க நினைத்தது ஒன்றுதான். கண் மறைந்தால் அது வாயைத் திறந்து சொல்கிறதா என்று. எங்கள் தெருவில் பார்வை போன ஒருவர் இருக்கிறார். யாராவது பக்கத்தில் வந்தால், "எனக்குக் கண்ணு தெரியாது சாமி, கொஞ்சம் பாத்துப் போங்க" என்று முதலில் சொல்லிவிடுவார். மனுஷனுக்கு அந்த யோக்கியதை இருக்கிறது. இந்தப் போன் சொல்லவில்லை ஐயா. தனக்குக் கண் போய்விட்டது என்று யாருக்கும் சொல்லவில்லை. அதைவிட மோசம், "வேகத்தைக் குறைக்கவும்" என்று மட்டும் பழையபடி சொல்லிக்கொண்டே இருந்தது. வேகம் பார்க்க அதற்குக் கண் வேண்டியதில்லை போலிருக்கிறது. பேசுகிற சத்தம் கேட்டதும் ராஜேஷ் அது முழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"பொட்டு வச்சதுலருந்து தூங்குறேன்னு என்னைய திட்டுறதே இல்ல மாமா. சாமி அதோட பாதி வாய அடக்கிட்டாரு" என்றான் என்னிடம். நானும் சிரித்தேன்.

பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. மத்தியானம், சாப்பாட்டு நேரம் தாண்டி, விக்கிரமங்கலம் ரோட்டில் இடது பக்கம் திரும்புகிற வளைவில் லாரி திரும்பாமல் நேராகப் போய்விட்டது. அனுசுயா டீச்சர் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு எதிரே மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். சேதி வந்தபோது நான் ஷெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ராஜேஷுக்கு நெற்றியில் தையல். அவ்வளவுதான். டீச்சர் அங்கேயே போய்விட்டார்.

உங்கள் ஆட்கள் போனைக் கழற்றினார்கள். கண்ணில் பொட்டு. சுரண்டிப் பார்த்தால் பிசின். உடனே கதை கட்டிவிட்டார்கள், டிரைவர் தூங்குவதற்கு வசதியாகப் பூஜையைச் சாக்கு வைத்துத் தானே பிசின் போட்டு மறைத்துவிட்டான் என்று. வேண்டுமென்றே செய்தது என்று எழுதி உள்ளே வைத்தீர்கள். கலைச்செல்வனும் தலையாட்டினான். எல்லா வண்டிக்கும் முதுகிலே பொட்டு இருக்கிறது, இவன் வண்டியில் மட்டும் முன்னாலே இருக்கிறது என்று அவனே காட்டிக்கொடுத்தான். ராஜேஷ், மாமாதான் வைத்தார் என்று சொல்லியிருக்கிறான். யாரும் நம்பவில்லை. கிழவன் மேல் பழி போடுகிறான் என்றார்கள்.

மேகலா என் வீட்டுக்கு வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை.

"மாமா, பொட்டு நீங்கதானே வச்சீங்க?"

"எல்லா வண்டிக்கும் நான்தாம்மா வச்சேன்."

"போன்ல முன்னாடி வச்சது?"

"அது ஞாபகம் இல்லம்மா. வயசாயிடுச்சுல்ல."

"எங்க வூட்டுல ஏது மாமா பிசினு? அவருக்கு ஒரு கவரு ஒட்டக்கூடத் தெரியாது. தபாலுக்கு ஸ்டாம்பு ஒட்டுறதுன்னாகூட என்னையத்தான் கூப்புடுவாரு." அவள் அழவில்லை. "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் மாமா. நாந்தான் வச்சேன்னு. தெரியாம வச்சிட்டேன்னு சொல்லுங்க. ஒங்கள யாரு என்ன பண்ணப் போறாங்க? ஊருல அவரைக் கொலகாரன்றாங்க. பால்காரன்கூட எங்க வூட்டு வாசல்ல நிக்க மாட்டேங்குறான்."

"நான் எதுக்கும்மா அப்படி வைக்கப் போறேன்?" என்றேன்.

அவள் என் கண்ணையே பார்த்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்துதான் எனக்கு உட்கார முடியாமல் போனது. மூலம் என்று மருந்துக்கடைக்காரன் சொல்கிறான். இருக்கும்.

அவளுக்காக இங்கே வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கலைச்செல்வன் ஷெட்டில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திப் பேசினான். "அந்தப் போன மட்டும் மறைக்காம இருந்திருந்தா டீச்சர் செத்திருக்க மாட்டாங்க. இனிமே வண்டிக்கு ரெண்டு. ஒண்ண மறைச்சாலும் இன்னொண்ணு பாத்துக்கும்" என்றான். எல்லாரும் ஆமாம், ஆமாம் என்றார்கள். கிருஷ்ணமூர்த்தியும் ஆமாம் என்றான். பாருங்கள், நான் எதைக் காட்டவேண்டும் என்று நினைத்தேனோ அது தலைகீழாகப் போய்விட்டது. போன் தெய்வமாகிவிட்டது. பேர் அதற்கு, பழி ராஜேஷுக்கு. என் பேச்சு எங்கேயும் இல்லை. அதைப் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

எழுதிக்கொண்டீர்களா? சரி. ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கிறது. கேட்காமலே சொல்கிறேன்.

அன்று காலையில் ராஜேஷ் என்னிடம் வந்தான். குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் தூக்கிக்கொண்டே நின்றானாம். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது. ஒரு நடை போய்வந்தான். அடுத்த நடைக்குச் சீட்டு வாங்க வந்து நின்றபோது சொன்னான்:

"மாமா, இத்தோட வுட்டுருங்க மாமா. கண்ணு எரியுது. வூட்டுக்குப் போயிட்டு சாயந்தரமா வரேன்."

கிருஷ்ணமூர்த்தி சும்மாதான் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். அவனை அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே போயிருப்பான்.

"ஒனக்கு என்னடா பயம்? ஒம் போனு இருக்குல்ல. அது எழுப்பி வுடும்" என்றேன் ராஜேஷிடம்.

அவன் சிரித்தான். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

அவன் செத்துப்போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் மேல் எனக்கு என்ன கோபம்? ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும், வண்டி சாயும், கல் கொட்டும், கலைச்செல்வன் ஓடிப்போய்ப் பார்ப்பான், போனைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான் என்றுதான் நினைத்தேன். அந்த ரோட்டில் இடது பக்கம் முழுக்கப் பள்ளம்தான். லாரி வலது பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

சேதி வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அது சரியில்லை. வண்டி போனதிலிருந்து கேட்டுக்கு வெளியே ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கிருஷ்ணமூர்த்திகூடக் கேட்டான், "யாருக்கு வெயிட்டிங் பெரியவரே? பொண்ணு பாக்க வராங்களா?" என்று.

டீச்சரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடி எப்போது விடும், அவர் எப்போது அந்த வளைவுக்கு வருவார் என்பது எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் ஓட்டின எல்லாருக்கும் தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. மொபெட்டின் முன்னால் முட்டைத் தட்டு வைத்திருப்பார், அதனால் ஓரத்து மண்ணில் இறங்கமாட்டார், தாரிலேயேதான் வருவார். வளைவுக்கு முன்னாலேயே நான் கியரைக் குறைத்து, அவர் தாண்டிப் போகிறவரைக்கும் நின்றுவிடுவேன். அவரும் கையைத் தூக்கிவிட்டுப் போவார். எந்தப் போனும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அன்று சீட்டைக் கொடுத்து வண்டியை அனுப்பும்போது நினைத்தேன், இவன் போய்ச் சேருகிற நேரம் டீச்சர் வருகிற நேரமாச்சே என்று. நினைத்தேன் ஐயா. நினைத்துவிட்டுத்தான் அனுப்பினேன். நான் அந்த வண்டியில் இருந்திருந்தால் அந்தம்மா இன்றைக்கும் முட்டையோடு வீட்டுக்குப் போயிருப்பார். அதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

படித்துக் காட்டுங்கள்.

சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எங்கே கையெழுத்து? இங்கேயா? பேனா எழுதவில்லை, வேறு கொடுங்கள்.

மேகலாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். இன்றைக்கே சொல்லி அனுப்புங்கள், ராஜேஷ் வந்துவிடுவான் என்று. பிசின் என் வீட்டுக் கொட்டாங்கச்சியில் இன்னும் காய்ந்து கிடக்கிறது, வேண்டுமானால் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையை ஆட்டுகிறீர்கள். ஒரு உயிரைக் கொன்றுவிட்டு இப்படிப் பேசுகிறாயே என்கிறீர்கள். நான் மூடியது போனின் கண்ணை. ராஜேஷின் கண்ணை மூடியது ராஜேஷ். இரண்டும் ஒன்றுதான் என்கிறீர்கள். நீங்கள் படித்தவர்கள், அப்படித்தான் சேர்த்துச் சேர்த்து எழுதுவீர்கள். எனக்கு இன்னும் அது ஒன்றாகத் தெரியவில்லை.

அந்தக் கம்பிக் கதவு வைத்த அறைதானே? பிடிக்க வேண்டாம், விடுங்கள். நானே நடந்து போகிறேன்.